மகளைக் கேப் டவுனுக்குப் படிக்க அனுப்பலாமா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். மகள் மெட்ரிக்கில், அதாவது பள்ளி இறுதித் தேர்வில், நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள், கேப் டவுனில் இடம் கிடைத்துவிட்டது, ரெஸ்ஸில், அதாவது மாணவர் விடுதியில், ரூமும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் செய்தியைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறதாம். மகன் ஏற்கெனவே இங்கே டர்பனில் வெஸ்ட்வில் கேம்பஸில் படிக்கிறான், இவளையும் அங்கேயே போட்டுவிட்டால் அண்ணன் கண்பார்வையில் இருப்பாளே, இல்லை அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் என்னென்ன சொல்லி அனுப்ப வேண்டும் என்பது அவர் கேள்வி.

அனுப்புங்கள் அக்கா. நான் டர்பனில் மாணவர்களுக்கான ஆலோசனைப் பிரிவில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். வீட்டிலிருந்து தினமும் போய்வருகிற பிள்ளைகளும் என் முன்னால் வந்து உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள், தூரத்திலிருந்து வந்து ரெஸ்ஸில் தங்கும் பிள்ளைகளும் அழுதிருக்கிறார்கள். வீட்டுக்கும் கேம்பஸுக்கும் எத்தனை கிலோமீட்டர் என்பது இதில் பெரிய விஷயமே கிடையாது. ஏதாவது நடந்தால் அவள் உங்களிடம் சொல்லுவாளா மாட்டாளா, அதுதான் பெரிய விஷயம், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். 2019 ஆகஸ்ட் 24, சனிக்கிழமை. கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 19 வயது உயினெனே ம்ர்வெட்யானா, பார்சல் வாங்க கிளேர்மாண்ட் தபால் நிலையத்துக்குப் போனாள். அங்கே வேலை பார்த்த ஊழியனே அவளை வன்கொடுமை செய்து கொன்றுவிட்டான். அந்த நவம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டான், மூன்று ஆயுள் தண்டனை கிடைத்தது. பகல் நேரம், அரசாங்க அலுவலகம், பார்சல் வாங்குவது மாதிரி ஒரு சாதாரண வேலை. ராத்திரியில் வெளியே போகாதே, குட்டைப் பாவாடை போடாதே என்று நாம் வீட்டில் ஓதுகிற எந்த மந்திரமும் அந்தப் பெண்ணைக் காப்பாற்றியிருக்காது. இந்த நாட்டில் வருடத்துக்கு 40,000க்கும் மேற்பட்ட வன்கொடுமைப் புகார்கள் போலீஸில் பதிவாகின்றன, பதிவாகாதவை எவ்வளவோ. அத்தனையும் பெண்பிள்ளைகள் கவனக்குறைவாக இருந்ததால் நடந்தவை என்று யாராவது சொன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கும். செய்கிறவன்தான் செய்கிறான். அதை முதலில் உங்கள் மகளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், ஜாக்கிரதை பற்றிய பேச்சை அப்புறம் ஆரம்பிக்கலாம்.

புதருக்குள் ஒளிந்திருக்கும் முகம் தெரியாத ஆளை நினைத்தே நாம் பயப்படுகிறோம். அப்படியும் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கேம்பஸில் நடப்பவற்றில் பெரும்பாலும் தெரிந்த ஆள்தான் இருப்பான். வகுப்பில் கூடப் படிப்பவன், அதே ரெஸ்ஸில் மேல்மாடியில் இருப்பவன், நோட்ஸ் தருகிற சீனியர், முன்னாள் காதலன், இந்நாள் காதலன், டியூட்டர். ‘நம்ம ஊர்ப் பையன், கோயிலில் பார்த்திருக்கிறோம், அவங்க அம்மாவைத் தெரியும்’ என்று வீட்டில் நம்பி லிஃப்ட் கொடுக்கச் சொன்ன பையனாகவும் இருக்கலாம். பிள்ளைக்கு அப்படி ஒன்று நடந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது என்றே அவளுக்குத் தெரியாமல் போகிறது. ‘அவன் என் ஃபிரெண்ட், நான்தானே ரூமுக்குப் போனேன், நான்தானே குடித்தேன்’ என்று தன்னையே கேட்டுக்கொண்டு மாதக்கணக்கில் உள்ளேயே வைத்துப் புழுங்குவாள்.

அதனால் சட்டம் என்ன சொல்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். 2007ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்கள் சட்டப்படி சம்மதம் என்றால் வற்புறுத்தல் இல்லாமல், தானாக மனம் ஒப்பிக் கொடுப்பது. தூங்கிக்கொண்டிருப்பவளிடமிருந்து சம்மதம் கிடையாது. மயங்கிக் கிடப்பவளிடமிருந்தும், குடியாலோ போதையாலோ புத்தி தன் நிலையில் இல்லாதவளிடமிருந்தும் கிடையாது. மிரட்டி வாங்கினால் அது சம்மதம் இல்லை. பதவியையோ அதிகாரத்தையோ காட்டி, மறுக்க முடியாத நிலைக்குத் தள்ளி வாங்கினாலும் இல்லை. ரூமுக்குப் போனது, முத்தம் கொடுத்தது, போன வாரம் சரி என்று சொன்னது, இதெல்லாம் இன்றைக்கான சம்மதம் ஆகாது. ‘அவள் சரி சொன்னதாகத்தான் நான் நினைத்தேன்’ என்று நியாயமே இல்லாமல் ஒருவன் சொல்லித் தப்பிக்க இடம் கொடுக்கும் பகுதிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று 2024இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றமும் தீர்ப்புச் சொன்னது.

சரி, நடைமுறைக்கு வருவோம். முதல் சில வாரம், அதுவும் ஓரியண்டேஷன் சமயம், ரொம்பக் கவனம் வேண்டும். யாரையும் தெரியாது, வழி தெரியாது, எல்லோரும் சிரித்துப் பேசுவார்கள், தினம் ஒரு பார்ட்டி இருக்கும். சீனியர்கள் சிலர் முதலாண்டுப் பிள்ளைகளைக் குறிவைப்பதும் அப்போதுதான். போன முதல் நாளே கேம்பஸ் செக்யூரிட்டியின் 24 மணி நேர நம்பரை போனில் போட்டுவிடச் சொல்லுங்கள், நம்பர் சரிதானா என்று ஒரு தடவை அடித்துப் பார்த்துவிடவும் சொல்லுங்கள். லைப்ரரியிலிருந்து ரெஸ்ஸுக்கு ராத்திரி ஷட்டில் எத்தனை மணி வரை ஓடும், கடைசி வண்டியை விட்டுவிட்டால் செக்யூரிட்டி துணைக்கு வருவார்களா என்று அவளே நேரில் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். ரெஸ்ஸுக்குள் இருந்தாலும் ரூம் கதவைப் பூட்ட வேண்டும். பூட்டு சரியில்லை என்றால் வார்டனுக்கு எழுத்தில், இமெயிலில் சொல்ல வேண்டும், வாயால் சொன்னால் மறந்துபோவார்கள். ஊபர் வந்தால் நம்பர் பிளேட்டைப் பார்த்து, டிரைவரிடம் ‘யாருக்காக வந்தீர்கள்’ என்று கேட்டு, அவர் இவள் பெயரைச் சரியாகச் சொன்ன பிறகு ஏறட்டும், தன் பெயரை முந்திக்கொண்டு தானே சொல்ல வேண்டாம். வெளியே வீடெடுத்துத் தங்குகிற பிள்ளைகளாக இருந்தால் முன்பு அங்கே தங்கியிருந்தவர்களிடம் சாவி இருக்கிறதா என்று கேட்டு, பூட்டையே மாற்றிவிடுவது நல்லது.

பார்ட்டி என்றால் கூட்டாகப் போய்க் கூட்டாகத் திரும்ப வேண்டும், இதை மட்டும் கறாராகச் சொல்லுங்கள். போகும் முன்பே இரண்டு மூன்று தோழிகள் பேசி வைத்துக்கொள்ளட்டும், யாரையும் தனியாக விட்டுவிட்டு வருவதில்லை, ஒருத்தி ‘நான் இங்கேயே இருக்கிறேன், நீங்க போங்க’ என்று தள்ளாடிக்கொண்டே சொன்னாலும் கூட்டிக்கொண்டுதான் வருவது என்று. தன் கையால் வாங்கிய, தன் கண்முன் திறந்த பானத்தைத்தான் குடிக்க வேண்டும், கீழே வைத்துவிட்டு டான்ஸ் ஆடிவிட்டு வந்தால் அதை அப்படியே விட்டுவிட வேண்டும். குடித்த அளவுக்கு மீறி தலை சுற்றுகிறது, நாக்கு குழறுகிறது என்றால் உடனே தோழியிடம் சொல்ல வேண்டும். இதையெல்லாம் சொல்லும்போது ‘என் பிள்ளை குடிக்க மாட்டாள்’ என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். குடிக்காத பிள்ளைக்கு கோக்கிலும் கலந்துவிட முடியும். குடித்திருந்தாலும் அவளைத் தொட யாருக்கும் உரிமை கிடையாது.

இன்னொன்று, நம் வீடுகளில் பெண்பிள்ளைகளைப் பணிவாக வளர்க்கிறோம். மாமா வந்தால் எழுந்து நில், அங்கிள் கேட்டால் பதில் சொல், முகத்தில் அடித்த மாதிரி பேசாதே. அந்தப் பழக்கத்திலேயே, ஒருவன் பக்கத்தில் வந்து உரசிக்கொண்டு உட்கார்ந்தாலும் எழுந்து போனால் தப்பாக நினைப்பானோ என்று சிரித்துக்கொண்டே இருக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். மனதுக்குள் ஏதோ உறுத்துகிறதா, அந்த இடத்தை விட்டுக் கிளம்பு, காரணம் சொல்ல வேண்டியதில்லை, பொய் சொன்னாலும் பரவாயில்லை, மரியாதை போனால் போகட்டும் என்று நீங்களே அனுமதி கொடுங்கள். தாய் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால்தான் அது அவள் மனதில் ஏறும்.

தோழிக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்தால் என்ன செய்வது என்பதையும் பிள்ளைகள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சண்டை போட வேண்டியதில்லை. ஒரு பையன் தள்ளாடுகிற பெண்ணைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போகிறான் என்றால் நடுவில் போய், ‘ஏய், உன் ரூம்மேட் உன்னைத் தேடிக்கொண்டிருக்கிறாள், வா’ என்று கையைப் பிடித்து இழுத்துவந்தாலே போதும். தனியாகப் போகப் பயமாக இருந்தால் பாரில் இருப்பவரையோ, செக்யூரிட்டியையோ, இன்னும் இரண்டு பையன்களையோ கூட்டிக்கொண்டு போகலாம். கேம்பஸில் ஒரு பிள்ளை தப்பித்ததாக நான் கேள்விப்படும் கதைகளில் பெரும்பாலும் இப்படிக் குறுக்கே புகுந்த யாரோ ஒருவர் இருப்பார்.

லெக்சரர், டியூட்டர், ரெஸ் ஊழியர் இவர்களால் வரும் தொல்லையைப் பிள்ளைகள் வெளியே சொல்வதே இல்லை, மார்க் போய்விடுமோ, பர்சரி என்கிற படிப்புதவிப் பணம் போய்விடுமோ என்ற பயம். ‘ஆபீஸுக்கு ஆறு மணிக்கு மேல் வா, பேப்பரைப் பற்றிப் பேசலாம்’ என்று மெசேஜ் வந்தால், ‘பகலில் வருகிறேன் சார், தோழியும் கூட வருவாள்’ என்று எழுத்திலேயே பதில் போடட்டும், அந்த மெசேஜை அழிக்கவும் வேண்டாம். 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் ஒன்று, பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேடு காக்க வேண்டியவர்கள் பட்டியலில் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் 25 வயதுக்குட்பட்ட பெண்களையும் சேர்த்திருக்கிறது. அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறியவனுக்கு அவர்கள் நடுவே வேலை கொடுக்கக் கூடாது.

விட்டுப்போன காதலன் பின்னாலேயே வருகிறான், போனில் தொல்லை கொடுக்கிறான் என்றால் அடி விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2011ஆம் ஆண்டின் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போய் அவளே விண்ணப்பம் எழுதிக் கொடுத்துப் பாதுகாப்பு ஆணை கேட்கலாம், வக்கீல் வேண்டாம். காதலனாக இருந்தவன் என்றால் குடும்ப வன்முறைச் சட்டமும் பொருந்தும், கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்று இல்லை. அந்தரங்கப் படத்தைச் சம்மதமில்லாமல் பரப்புவது 2021 டிசம்பரிலிருந்து சைபர் குற்றங்கள் சட்டப்படி குற்றம். படத்தை வைத்து மிரட்டுகிறான் என்றால் பணமும் கொடுக்கக் கூடாது, இன்னொரு படமும் அனுப்பக் கூடாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு போலீஸுக்குப் போக வேண்டும். இந்த மிரட்டலுக்கு பலமே ‘உங்க அம்மாவுக்கு அனுப்புவேன்’ என்பதுதான். அம்மா பார்த்தாலும் என் பக்கம்தான் நிற்பாள் என்று தெரிந்த பிள்ளையிடம் அந்த மிரட்டல் செல்லாது.

இங்கேதான் நான் முதலில் சொன்ன பெரிய விஷயம் வருகிறது. என் அறைக்கு வரும் பிள்ளைகளில் அநேகம் பேர் உட்காருவதற்கு முன்பே கேட்பது, ‘எங்க வீட்டுக்குச் சொல்லிடுவீங்களா?’ காயத்தைவிட அந்தப் பயம் பெரிதாக இருக்கும். அப்பா படிப்பை நிறுத்திவிடுவார், பாட்டிக்கு நெஞ்சுவலி வந்துவிடும், நாளைக்குக் கல்யாணம் பேசும்போது யாராவது சொல்லிவிடுவார்கள், கோயிலில் எல்லோரும் பார்ப்பார்கள். ‘ஏதாவது நடந்துச்சோ, மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துடணும்’ என்று அனுப்பும்போதே எச்சரிக்கிறோம் பாருங்கள், அந்த ஒரு வாக்கியம் பிள்ளையின் வாயைக் கட்டிவிடுகிறது. தப்பு செய்யப்போகிறவனுக்கும் அது நன்றாகத் தெரியும், ‘சொன்னால் உன் படிப்புதான் போகும்’ என்று அவனே சொல்லிக்காட்டுவான். ஆகவே கிளம்பும் முன் ஒரு நாள் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து தெளிவாகச் சொல்லுங்கள்: எந்த நேரமானாலும் கூப்பிடு, எங்கே இருந்தாலும், யாருடன் இருந்தாலும், குடித்திருந்தாலும், எங்களிடம் பொய் சொல்லிவிட்டுப் போயிருந்தாலும் கூப்பிடு. திட்ட மாட்டோம். படிப்பை நிறுத்த மாட்டோம். சொன்னபடி நிற்கவும் வேண்டும். ஒரு தடவை சின்ன விஷயத்துக்குக் கூப்பிட்டபோது கத்தினீர்கள் என்றால் பெரிய விஷயத்துக்கு அந்த போன் வராது.

அப்படி ஒரு போன் வந்துவிட்டால் ‘ஏன் கத்தவில்லை, ஏன் ஓடவில்லை’ என்று மட்டும் கேட்காதீர்கள். அளவுகடந்த பயத்தில் உடம்பு உறைந்துபோவது இயல்பு, கையும் வராது, குரலும் வராது, அது சம்மதமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. நான் உன்னை நம்புகிறேன், உன் மேல் தப்பு இல்லை, இப்போது பத்திரமான இடத்தில் இருக்கிறாயா, கூட யார் இருக்கிறார்கள். இவ்வளவு போதும்.

அதற்குப் பிறகு நேரம் முக்கியம். எச்ஐவி தொற்றைத் தடுக்கும் பெப் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கொஞ்சம் குமட்டும், அதற்காக நடுவில் நிறுத்தக் கூடாது. அவசர கருத்தடை மாத்திரை ஐந்து நாள் வரை கொடுப்பார்கள், அதுவும் சீக்கிரம் சாப்பிட்டால்தான் நன்றாக வேலை செய்யும். பானத்தில் ஏதோ கலந்ததாகச் சந்தேகம் இருந்தால் இன்னும் அவசரம், சில மருந்துகள் சிறுநீரில் சில மணி நேரம்தான் தங்கும். குளிக்கத்தான் மனம் துடிக்கும், ஆனாலும் குளிக்காமல், பல் தேய்க்காமல், முடிந்தால் பாத்ரூம் போகாமல் போவது நல்லது. உடை மாற்றியாகிவிட்டது என்றால் பழைய உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துப்போக வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். குளித்துவிட்டாள் என்றாலும் பரவாயில்லை, போகட்டும், மருந்தும் கிடைக்கும், புகாரும் செல்லும்.

எங்கே போவது? துதுசேலா மையம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேசிய வழக்குத் தொடுப்பு ஆணையம் நடத்தும் மையங்கள் இவை, பொது மருத்துவமனைகளுக்குள்ளேயே இருக்கும். உங்களுக்குப் பக்கத்தில் ஆர்.கே.கான் மருத்துவமனையில் ஒன்று, ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனையில் ஒன்று, கேப் டவுன் பக்கம் ஹைடவெல்டிலும் பெல்வில் கார்ல் பிரேமர் மருத்துவமனையிலும் இருக்கின்றன. கேஷுவல்டியில் கூட்டத்தோடு கூட்டமாக உட்காரவைக்க மாட்டார்கள், தனி அறைக்குக் கூட்டிப்போவார்கள். என்ன செய்யப்போகிறோம் என்று நர்ஸ் முதலில் விளக்குவார், பரிசோதனைக்குச் சம்மதக் கையெழுத்து வாங்குவார்கள், எந்தக் கட்டத்திலும் ‘வேண்டாம், நிறுத்துங்கள்’ என்று அவள் சொல்லலாம். டாக்டர் தடயங்களை எடுத்து, காயங்களைப் படிவத்தில் எழுதுவார். முடிந்ததும் குளிக்க இடம், மாற்றுடை கொடுப்பார்கள். ரத்தப் பரிசோதனை, மாத்திரை, அடுத்து வர வேண்டிய தேதி, கவுன்சலிங், எல்லாம் அங்கேயே, இலவசம்.

போலீஸில் கேஸ் போட்டால்தான் மருந்து கொடுப்போம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், நடந்ததை மருத்துவமனையில் சொன்னாலே போதும் என்பதுதான் சட்டம். கேஸ் கொடுக்க முடிவு செய்தால் நாட்டின் எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், ‘சம்பவம் எங்கள் எல்லையில் நடக்கவில்லை’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. முதலில் சுருக்கமாக வாக்குமூலம் கொடுத்தால் போதும், விவரமானதை ஓய்வெடுத்துவிட்டுக் கொடுக்கலாம். இப்போது வேண்டாம் என்று தோன்றினாலும் கதவு மூடிவிடாது. பாலியல் குற்றங்களுக்கு இருந்த 20 வருடக் கால வரம்பை அரசியலமைப்பு நீதிமன்றம் 2018இல் நீக்கிவிட்டது. கேஸ் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்யட்டும். ஒரு தடவை அவள் விருப்பம் இல்லாமல் நடந்தாயிற்று, அடுத்தடுத்த முடிவுகளையும் அவளைக் கேட்காமல் நாம் எடுக்கக் கூடாது.

பல்கலைக்கழகத்திலும் தனியாகப் புகார் கொடுக்கலாம், போலீஸ் கேஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அவனை வேறு ரெஸ்ஸுக்கு மாற்றுவது, அவள் பக்கம் வரக் கூடாது என்று உத்தரவு போடுவது, பரீட்சையைத் தள்ளிக் கொடுப்பது போன்றவற்றைக் கேட்கலாம். சில இடங்களில் வேகமாகச் செய்வார்கள், சில இடங்களில் இழுத்தடிப்பார்கள். ஒவ்வொரு இமெயிலையும் தேதியோடு சேமித்து வைக்கட்டும்.

அப்புறம் உங்கள் மகன். மகளைப் பற்றி இவ்வளவு கேட்டீர்கள், வெஸ்ட்வில்லில் இருக்கும் அவனைப் பற்றி, தங்கையைப் பார்த்துக்கொள்வான் என்பதைத் தவிர, ஒன்றும் கேட்கவில்லை. அவனும் பார்ட்டிக்குப் போகிறான், அவன் வாட்ஸ்ஆப் குரூப்பிலும் பெண்களின் படம் வரும், அவன் நண்பர்களில் ஒருவன் குடித்துக் கிடக்கும் பெண்ணைப் பார்த்து ‘சான்ஸ்’ என்று சொல்லுவான். அப்போது உங்கள் மகன் சிரிப்பானா, பேசாமல் இருப்பானா, ‘டேய், விடு’ என்பானா? மேலே சொன்ன சட்டத்தை, சம்மதம் என்றால் என்ன என்பதை, அவனையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். அப்பா சொன்னால் இன்னும் நல்லது. பையன்களுக்கும் இப்படி நடப்பதுண்டு, ரெஸ்களில் நடக்கிறது, அவர்கள் பெண்பிள்ளைகளைவிடவும் வாய் திறக்க மாட்டார்கள். துதுசேலா மையம் அவர்களுக்கும்தான், சட்டமும் அவர்களுக்கும்தான், எந்த நேரமானாலும் கூப்பிடு என்ற வார்த்தையும் அவனுக்கும் சேர்த்துத்தான்.

கடைசியாக, கிளம்பும் முன் இரண்டு பிள்ளைகளின் போனிலும் இந்த நம்பர்களைப் போட்டுக் கொடுங்கள். மாணவர்களுக்கான ஹையர் ஹெல்த் உதவி எண் 0800 36 36 36, பாலினம் சார்ந்த வன்முறைக்கான அரசு உதவி மையம் 0800 428 428, இரண்டும் 24 மணி நேரமும் இலவசம். போலீஸ் 10111, செல்போனிலிருந்து அவசரத்துக்கு 112. மெடிக்கல் எய்ட், அதாவது மருத்துவக் காப்பீடு, உங்கள் வீட்டுக்காரர் பெயரில் இருந்தால், மகள் எந்த டாக்டரிடம் போனாலும் கணக்கு விவரம் அவருக்குத்தான் வரும், அதற்குப் பயந்தே டாக்டரிடம் போகாமல் இருந்த பிள்ளைகள் உண்டு. அது வந்தால் ஏன் எதற்கு என்று குடைய மாட்டேன் என்று அவரையே மகளிடம் சொல்லச் சொல்லுங்கள்.